கம்ப்யூட்டர் சிரித்த சிரிப்பு

உக்கடம்

அன்பு மகள் ரம்ஷாவுக்கு அத்தாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் மானம் ஒன்றுதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. டப்ளின் குளிரில் நீ நலமாக இருக்க துஆ செய்கிறோம். மாடி வீட்டு அம்புஜம் தினமும் உன்னை விசாரிக்கிறார், விசாரித்த கையோடு தன் மருமகளைப் பற்றி அரைமணி நேரம் அளக்கிறார், அதையெல்லாம் உன் அம்மா போனில் சொல்வாள். நான் சொல்ல வேண்டியதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் காகிதம்.

சரவணம்பட்டி ஆமினா பீவி தன் மகனுக்காக உன்னை வீடியோவில் பார்க்க வேண்டும் என்றபோது, மாஸ்க் போட்டுக்கொண்டு பேசு என்றேன், ஏன் என்று கேட்டாய், சிக்னல் இல்லை என்று கட் செய்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ கிளம்பும் முன் பல் டாக்டர், தெத்துப்பல்லை இறக்க மேல்வரிசைக்குக் கம்பியும் கீழ்வரிசைக்குக் கழற்றி மாட்டும் அலைனரும் சேர்த்துப் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தால் இப்படி இருப்பாய் என்று கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்து கொடுத்தாரே, அதைத்தான் இப்போதைய போட்டோ என்று, உன்னைக் கேட்காமல், அவர்களுக்கு அனுப்பித் தொலைத்தேன். ஏனுங்க, பொண்ணு சிரிப்பு முத்துக் கோத்தாப்ல இருக்குதுங்களே என்று அந்தம்மா மெச்சியபோது, எங்க குடும்பத்துப் பல்லே அப்படித்தானுங்க என்று வேறு சொல்லிவைத்தேன். என் தெத்துப்பல்லை மீசைக்குள் ஒளித்துக்கொண்டுதான் சொன்னேன். கடைத் துணியில் நூல் விட்டிருந்தால் நானே வாடிக்கையாளருக்குக் காட்டிக் கொடுக்கிறவன், பெற்ற மகளிடம் குறை கண்டு மறைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன், பல்லை மாத்துன மனுசன் பொண்ணையே மாத்திப்போட வேண்டியதுதானுங்களே என்றாள்.

நேற்று சரவணம்பட்டிக்கு நேரில் போய், கம்பியோடு நீ சிரிக்கிற படத்தைக் காட்டி உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆமினா பீவி கோபிக்கவில்லை. புள்ள பல்லுல ஒண்ணுமில்லீங்க, கம்பி இன்னைக்கு இருக்கும் நாளைக்குப் போயிரும், உங்க வார்த்தையத்தான் இனி எப்படி நம்பறதுன்னு தெரியலீங்க என்றார். யோசித்துச் சொல்கிறார்களாம். உனக்கு வந்த இடம் தள்ளிப்போனால் அதற்குக் காரணம் உன் பல் இல்லை கண்ணு, உன் அத்தாவின் நாக்கு.

அவர்கள் கூப்பிட்டாலும், பேசுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். பேசினால் மாஸ்க் வேண்டாம், வாய் நிறையச் சிரி. அங்குள்ள டாக்டரிடம் கம்பி முறுக்கப் போகத் தவறாதே, சாப்பிடும்போது அலைனரைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைக்காதே, குப்பையோடு போய்விடும். உனக்குப் பிடித்த படம் ஒன்றை நீயே எடுத்து அனுப்பு, கேட்கிறவர்களுக்கு இனி அதைத்தான் காட்டுவேன், அதையும் உன்னைக் கேட்டுவிட்டு. அல்லாஹ் உனக்கு எல்லா நலமும் தருவானாக.

மன்னிப்புக் கேட்டு நிற்கும் உன் அத்தா,
ஷாஹுல்