சதுப்பு நிலத்தில் இரண்டு பேர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஈரேழு பதினான்கு உலகங்களையும் ஒரே குடையால் அளந்தவனும், உன்னை ஆறு வயதிலிருந்து தூக்கி வளர்த்ததில் இடுப்பு ஒடிந்தவனுமாகிய உன் சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் நலம், அதாவது முழங்காலுக்கு மேலே நலம். கீழே என்ன ஆகுமோ என்றுதான் சித்தி பீரோவைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருக்கிறாள்.

தெருக்கோடிச் சதுப்பு நிலத்தால் பயன் உண்டா என்று கணக்கெடுக்க நகரசபை என்னை அனுப்பியதைப் போனில் பீற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? படிவத்தில் ஒரே கேள்வி, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள். மூன்று நாள் குடை பிடித்து உட்கார்ந்து எண்ணினேன். நான்காம் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, சக்கரவர்த்திகள் நனைவதில்லை என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். இரண்டு பேர், அதில் ஒருவர் தூங்கினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொறியாளர் விழுந்து விழுந்து சிரித்து, யோவ் பெரியவரே, இது போதும்யா, மூடிடலாம் என்று முத்திரை குத்தினார். நானும் சிரித்தேன் பாப்பா.

இப்போது லாரி லாரியாக மண் கொட்டுகிறார்கள், பாதி மூடியாகிவிட்டது. போன வாரம் அரை மணி நேரத் தூறல்தான், குளியலறைச் சாக்கடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. சித்தி துடைப்பமும் கையுமாக நின்று, நீங்க மழைக்குப் பயந்து படுத்துக்கிட்டீங்களே, அன்னைக்குத்தாங்க அந்தச் சதுப்பு மழைத் தண்ணியைக் குடிச்சு நமக்காக வேலை பார்த்துச்சு, அதை யாரு எண்ணுனா என்று கேட்டாள். நான் வாளியை எடுத்துக் கறுப்புத் தண்ணீரை அள்ளத் தொடங்கினேன். கோடித் தவளைகள் கத்தி என் தூக்கத்தைக் கெடுக்குமே, அந்தச் சத்தமே இல்லை. நேற்று நம் படிக்கட்டில் நாலு உட்கார்ந்திருந்தன, கத்தவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை நகரசபைக் கூட்டம். என் கணக்கு தப்பு என்று எழுந்து சொல்லப் போகிறேன். மனுஷன் வராவிட்டாலும் அந்த நிலம் இருக்க வேண்டும் என்று எழுதப் படிவத்தில் இடமில்லை, அடிக்கோல் வைத்து நானே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். கையெழுத்து உங்களோடதுதானே, பார்த்துப் பேசுங்க என்று பொறியாளர் சொல்லியனுப்பினார். வேலை போனால் போகட்டும். ஆனால் இன்றைக்குச் செவ்வாய்தான், மேற்கே மை கொட்டினாற்போல் கறுத்துவிட்டது.

உன் சான்றிதழ்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். போன் எடுக்கவில்லையென்றால் பதறாதே, மாடிவீட்டுத் தையல்காரரைக் கூப்பிடு, சித்தி அங்கேதான் இருப்பாள். நீ நூறு வயது வாழ வேண்டும், எங்கே வாழ்ந்தாலும் மேட்டில் வாழ வேண்டும். முதல் துளி விழுகிறது, நான் குடையோடு சதுப்புக்குக் கிளம்புகிறேன், மழையில் எண்ண ஓர் ஆள் வேண்டுமே.

தெருக்கோடி வரைக்கும் சக்கரவர்த்தியான,
உன் சித்தப்பா