சுடாத நெற்றி

அன்பு மகளுக்கு,

நாங்கள் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். சின்ன வயதில் ஒருநாள் காய்ச்சலில் போர்வைக்குள் சுருண்டுகொண்டு நீ கேட்டாய்: "கிருமி கண்ணுக்கே தெரியாதுன்னா, அது உள்ள வந்தது உடம்புக்கு மட்டும் எப்படிப்பா தெரியும்?" தெரிந்ததால்தான் சுடுகிறது, தூங்கு என்றேன். அன்றைக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. உன் தம்பி மகனுக்கு அது பொருந்தவில்லை. அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்று வந்துவிட்டது. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் ஆஸ்பத்திரி நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் தவளைக்கு (ஓயாமல் குதிக்கிறான் என்று நீ வைத்த பெயர், இப்போது அதைச் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை) முட்டி வீங்கி, காலை ஊன்றமாட்டேன் என்று அடம்பிடித்தபோது நாங்கள் எல்லோரும் முதலில் அவன் நெற்றியைத்தான் தொட்டோம். சுடவில்லை. நீ வாங்கி அனுப்பிய தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள் உன் அம்மா, அதுவும் சாதாரணம் என்றது. போனில் நீயும், அப்படியானால் ஒன்றும் இருக்காது, எங்காவது விழுந்திருப்பான் என்றாய். எங்கள் நினைப்பும் அதுதான். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு தூக்கிக்கொண்டு ஓடினால், முட்டிக்குள் சீழ் கட்டியிருக்கிறது. மருமகள் டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சலே இல்லையே டாக்டர், உடம்பு சுடவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்து ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

விஷயம் இதுதான். நம் செல்களின் மேல்பரப்பில் ஏற்பிகள் என்று சில உண்டு. ஒவ்வொரு கிருமியையும் அவற்றுக்குத் தனித்தனியாகத் தெரியாது. பாக்டீரியாவின் உறையில் நம் உடம்பில் எங்கும் இல்லாத சில பொருள்கள் இருக்கின்றன, அவை தட்டுப்பட்டால் போதும், வந்தது வெளியாள் என்று பிடித்துக்கொள்ளும். பிடித்த சேதி செல்லுக்குள் ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக் கைமாறி உட்கரு வரை போகவேண்டும். போனால்தான் வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் வெள்ளணுக்களை வரவழைப்பதற்கும் உத்தரவு பிறக்கும். வகுப்பில் நான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முதல் பிள்ளையின் தோளைத் தட்ட, அது அடுத்த பிள்ளையைத் தட்ட, அப்படியே கைமாறிக் கடைசிப் பிள்ளை மணியடிக்கும் விளையாட்டு நடத்துவேனே, நீகூட ஒருமுறை அடிக்க மறந்து நின்றாயே, அதேதான். தவளைக்கு ஏற்பிகள் சரியாக இருக்கின்றன. கிருமியைக் கண்டுபிடித்தும் விடுகின்றன. உள்ளே வரிசையில் ஓர் ஆள், ஒரு புரதம், இல்லை. அதனால் உத்தரவு நேரத்துக்குப் பிறப்பதில்லை, முட்டி வீங்கியதே கிருமி பெருகிச் சீழ் கட்டிய பிறகுதான். சில வைரஸ்களைப் பற்றிய சேதிக்கு வேறு வரிசையும் இருப்பதால் சளி இருமலிலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் போலத் தேறினான், அதில்தான் நாங்கள் ஏமாந்தோம். இந்தக் குறை அப்பா பக்கமிருந்து வந்ததா அம்மா பக்கமிருந்து வந்ததா என்று உன் அம்மா டாக்டரை மடக்கினாள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பங்கு என்றதும் வாயை மூடிக்கொண்டாள்.

என் வகுப்பில் யாராவது வராத நாளில், இடைவெளி விடாமல் நெருங்கி நில்லுங்கள் என்பேன். மணி அடித்துவிடும். இங்கே யாரிடம் போய் நெருங்கி நிற்கச் சொல்வேன்? உன் தம்பி ஜன்னலோரம் நின்று இதை விளக்கச் சொன்னான், விளக்கினேன். அழகாகப் புரிந்தது என்றான், பிறகு, "சரிப்பா, இப்ப நாம என்ன பண்றது?" என்றான். மருந்து தெரியும்: தினமும் ஆன்டிபயாட்டிக், விடாமல் தடுப்பூசி, சின்ன சந்தேகம் வந்தாலும் ஆஸ்பத்திரி. வளர வளர, வந்த கிருமிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் உடம்பின் இன்னொரு படை பழகிக்கொள்ளும், ஆபத்து குறையும் என்கிறார் டாக்டர். அதுவரைக்கும்? அடுத்த கிருமி நாளைக்கே வரலாம், வந்தாலும் சொல்லாமல் வரும், காய்ச்சல் எட்டிப் பார்ப்பதற்குள் நேரம் கடந்திருக்கும். இவ்வளவும் தெரிந்த பிறகும் என் கை தானாக அவன் நெற்றிக்குத்தான் போகிறது. உன் அம்மா பார்த்துவிட்டு, "அங்க ஒண்ணும் எழுதி வைக்கல, கைய எடுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் தொட்டுப் பார்த்தாள்.

நீ இப்போதெல்லாம் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், குழந்தையைப் பற்றிக் கேட்பதில்லை. அன்று நீ சொன்ன வார்த்தை உன்னை அரிக்கிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இருந்த எங்களுக்கே தெரியவில்லையம்மா, அத்தனை தூரத்தில் இருந்த உனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை, அதை நம்பிய நீயும் தப்புச் செய்யவில்லை. கிளம்பி வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். வா என்று சொல்ல மனசு வரவில்லை, வராதே என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தால் இந்த பெஞ்சில் சும்மா உட்காருவதற்கு இன்னோர் ஆள், அவ்வளவுதான். முட்டி வீக்கம் வற்றிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். வீட்டுக்குப் போவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, இங்கே நர்ஸாவது இருக்கிறாள்.

நேரத்துக்குத் தூங்கு, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. நல்லபடியாக இரு, உன்னைச் சேர்ந்தவர்களும் நல்லபடியாக இருக்கட்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

நாளைக்கு வீடியோவில் கூப்பிடு. எத்தனை டிகிரி என்று கேட்காதே. தவளையிடம் அவன் பொம்மையைக் கேள், கையை நீட்டி உனக்குக் காட்டுகிறானா, சோர்ந்து கிடக்கிறானா என்று பார்.

அன்புடன்,
அப்பா