ஆயுத பூஜைக்குக் குளித்த வேகன்

தூத்துக்குடி,
ஐப்பசி 20, வியாழக்கிழமை.

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு உன் சித்தப்பா சங்கரபாண்டியன் ஆசியோடு எழுதுவது. இங்கன நான் சுகம், உன் சித்தி செல்லத்தாய் முட்டுவலி ஒன்றைத் தவிர சுகம், மாடி அறையில் உன் வேகனும் சுகம், எல்லாம் செந்தூரான் போட்ட பிச்சை. அங்கன ராட்டர்டாம் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் மூன்று வேளையும் சூடாகச் சாப்பிட்டு நல்லா இருக்கியா, அதை முதலில் எழுது. போனில் பேசாமல் இது என்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் முதல் வரியிலேயே சித்தப்பா சுருக்கமா சொல்லுங்க என்று குறுக்கே விழுவாய், எனக்குச் சுருக்கம் வராது. காகிதத்தில் என்னை நிறுத்த ஆள் கிடையாது. நான் இப்போது போய்வருகிற கிளியரிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளை ஷெர்லி இதை ஸ்கேன் போட்டு இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள், அவள் படிக்க மாட்டாள், படித்தாலும் பரவாயில்லை, அவளுக்கு எல்லாம் தெரியும்.

மேலே வேகன் சுகம் என்று எழுதினேன் இல்லையா, ஏளா, அது இப்போதுதான் சுகம். நடுவில் ஒரு மாதம் சுகமாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வேகனைக் காட்டுங்க என்று கேட்டபோது கேமரா ரிப்பேர் என்று சொன்னது பொய். கேமரா நல்லா இருக்கு. நடந்ததைச் சொல்லுதேன், கோபப்படாமல் கடைசி வரை படி, கடைசியில் நீ ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கு.

ஆயுத பூஜை அன்று காலையில் நான் என் பைக், சித்தியின் தையல் மிஷின், அரிவாள், சுத்தியல், தராசு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஊரில் உள்ள லாரிக்கெல்லாம் மாலையும் பூசணிக்காயும் இருக்க, என் பிள்ளை இரண்டு வருஷம் இந்த மாடியில் உட்கார்ந்து கையால் செய்த உள்ளங்கை நீள நிலக்கரி வேகன் மாடலுக்கு ஒரு பொட்டு இல்லையா என்று நெஞ்சு கேட்கவில்லை. மேலே போய்ப் பார்த்தால் நீ கிளம்பின நாளிலிருந்து ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த அறை, ஹார்பர் பக்கமிருந்து வருகிற கரித்தூள்தான் உனக்குத் தெரியுமே, ஜன்னலை அடைத்தாலும் அரிசிப் பானைக்குள் வந்து உட்காரும். வேகன் ஒரே கறுப்பு, துரு, வழிசல். இந்த அழுக்கோடு சாமி முன்னால் வைப்பதா என்று கீழே கொண்டுவந்தேன். சித்தி அடுப்படியில் இருந்தே, மேலே உள்ளதைத் தொடாதீங்க, பிள்ளை வந்து பார்த்துக்கிடுவா என்று சத்தம் போட்டாள். நான் கேட்டேனா. பழைய டூத் பிரஷ், பாத்திரம் விளக்குகிற சோப்பு, போகாத கறைக்குப் பெயிண்டர் விட்டுப்போன தின்னர். கையால் நீ பதித்த தண்டவாளப் பலகையையும் விடவில்லை, அதற்கு ஹோஸ் பைப். அப்புறமும் திருப்தி இல்லாமல் நம்ம கேட்டுக்கு அடித்ததில் மிச்சமிருந்த பிரவுன் பெயிண்டை இரண்டு கோட் ஏற்றினேன். நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம். பானு, கல்யாணப் பெண் தோற்றுப்போவாள். தெருவில் இருநூறு பேர் வந்து பார்த்தார்கள். சித்தி இங்கன பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு ஆறு பேர் என்கிறாள், சரி ஆறு பேர்.

அந்த ஆறில் ஒருத்தர் நம்ம பழைய இரும்புக்கடை பிச்சையா அண்ணாச்சி. பொரி கடலை வாங்க வந்தவர் வேகனைக் கையில் எடுத்தார், திருப்பினார், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். ஏலே சங்கரா, இந்தப் பிள்ளை வருஷக்கணக்கா ஒவ்வொரு பொட்டா வச்ச துருவை எங்கலே என்றார். அழுக்கு அண்ணாச்சி, கழுவிட்டேன் என்றேன். அவர் பொரியைக் கீழே வைத்துவிட்டார். நீ அவர் கடைக்கு எத்தனை தடவை போய் உட்கார்ந்து துருப்பிடித்த தகடுகளைப் போட்டோ பிடித்தாய் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் மாடிக்கு ஓடி உன் மேசை டிராயரைத் திறந்தோம். பச்சை அட்டை நோட்டு. நாற்பத்தொரு படி எழுதி வைத்திருக்கிறாய், எந்த நாளில் எந்தப் பக்கம் எந்தக் கலர் என்று. கடைசி வரியில், துரு அழியாமல் இருக்க மேல் பூச்சு பாக்கி, வந்து அடிக்கணும் என்று இருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது நீ, சித்தப்பா நான் இத்தனை வருஷம் ஸ்கிரீனில்தான் எதையோ செய்துகிட்டு இருந்தேன், தொட்டுப் பார்க்கிற மாதிரி முழுசா நானே செய்த முதல் சாமான் இதுதான், கோயம்புத்தூர் மாடல் ரயில் எக்சிபிஷனுக்கு இது போகணும் என்றாயே, அந்தப் பேச்சு அப்படியே காதில் விழுந்தது. அதை நான் சோப்பு போட்டு சாக்கடையில் விட்டுவிட்டேன். உன்னைப் பெற்றது என் அண்ணன் என்றாலும் ஆறு வயதிலிருந்து தோளில் போட்டு வளர்த்தவன் நான், உன் ஒரு பென்சிலை நான் தொலைத்தது கிடையாது.

ஆனால் மூன்று நாளைக்கு மேல் சங்கரபாண்டியனை யாராவது சோர்வாகப் பார்த்திருக்கிறார்களா. நாலாம் நாள் எழுந்து, கழுவினவனே அழுக்காக்குவான் என்று சித்தியிடம் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று பார்க்காதே, இருபத்தேழு வருஷம் ஹார்பரில் வேகன் லோடிங் பார்த்தவன், நிலக்கரி வேகன் எங்கே அழுக்காகும் எங்கே ஆகாது என்பது எனக்கு என் முதுகைவிட நல்லாத் தெரியும். முதலில் அந்தக் கேட் பெயிண்டை உரிக்கவே ஒரு வாரம், நான் அடித்த தடிமனில் நீ வைத்த ஆணித்தலை எல்லாம் மூழ்கிக் கிடந்தது, அண்ணாச்சி ஊசியை வைத்து ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தார். பிறகு தண்டவாளம். கடையில் விற்கிற பொம்மைத் தண்டவாளம் எல்லாம் வெளிநாட்டு அகலம், நம்ம அகலப்பாதைக்கு ஒடுக்கம், அதனால்தான் நீ கையால் பதித்தாய் என்று நோட்டில் படித்து அசந்துபோனேன். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே நீ போட்ட பனஞ்சிராய் சிலீப்பர் அறுபத்து நாலும் என் ஹோஸ் பைப் புண்ணியத்தில் ஊதிப்போய்த் தண்டவாளத்தைத் தூக்கிவிட்டிருந்தன. உடன்குடியில் உன் சித்தி வீட்டிலிருந்து நல்லா விளைந்த பனங்கட்டை வரவழைத்து, பிளேடால் சீவி, முள் எடுக்கிற சாமணத்தால் பிடித்து, குண்டூசியை வெட்டி ஆணியாக அடித்தேன். அகலத்துக்கு நீ வைத்திருந்த இருபத்திரண்டு மில்லி அளவுக்கட்டை எதற்கு, கண்ணே போதும் என்று முதல் தடவை கண்ணாலேயே பதித்தேன். வேகனைத் தள்ளினால் அரைச்சாண் போய் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் தொபுக்கென்று உட்கார்ந்தது. சித்தி சிரித்த சிரிப்பு பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு உன் அளவுக்கட்டையை வைத்தே பதித்தேன், இப்போது ஊதினால் ஓடுகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சரளைக்கல் ஒட்ட கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஊற்றினேன், பழைய காரைக் கட்டடமெல்லாம் அதில்தானே நிற்கிறது என்று. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எறும்பு, இடைவெளி விடாமல், ஒன்றன்பின் ஒன்று, சரளையைத் தூக்கிக்கொண்டு போகிறது. நம்ம பாதையில் ஓடின முதல் கூட்ஸ் வண்டி அதுதான். அப்புறம் ஃபெவிகால்.

இனிதான் வேகன். உன் நோட்டில் பன்னிரண்டாம் படியைப் படித்ததும் நான் துள்ளிவிட்டேன் பானு. துருக் கலர் அடி, காயவை, ஈரம் தொட்டு உப்பு தூவு, அதன்மேல் வண்டிக் கலர் அடி, காய்ந்ததும் உப்பைத் தட்டி எடு, பெயிண்ட் உரிந்து துரு தெரிகிற மாதிரி வரும். உப்பு! தூத்துக்குடிக்காரனைப் பார்த்து உப்பு கேட்கிறது நோட்டு. உப்பளத்து விஜயராஜிடம் போய் நின்றேன், கல்லுப்பு, குருணை, பொடி மூன்றும் வாங்கி வந்தேன், ஒரு மூட்டை தருகிறேன் என்றான், வேண்டாம் ஒரு ஸ்பூன் போதும் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கல்லுப்பில் செய்தது பெரியம்மை போட்ட மாதிரி வந்தது, அழித்தேன். குருணையும் பொடியும் கலந்து செய்தது, ஏளா, நான் சொல்லக்கூடாது, நீயே பார்ப்பாய். துருப்பொடி பிச்சையா அண்ணாச்சி கடையில் பழைய நங்கூரத்திலிருந்து சுரண்டி என் வேட்டித் துணியில் சலித்தது. கரி நம்ம ஜன்னல் விளிம்பிலிருந்து எடுத்தது, வாழ்நாளில் முதல் தடவையாக உன் சித்தி அந்தக் கரியைத் திட்டவில்லை. கதவுகளின் கீழ் விளிம்பில் மட்டும் துரு வைக்காமல் பென்சில் ஈயத்தைத் தேய்த்துப் பளபளப்பு வைத்தேன், ஏனென்றால் அங்கேதான் கடப்பாரை போட்டு நெம்புவோம், அங்கே துரு நிற்காது. இன்னொரு விஷயம், நீ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி துரு வைத்திருந்தாய். நம்ம வேகன் ஹார்பருக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போகும், அப்படியே பின்னால் வரும், திரும்பவே திரும்பாது, அதனால் எந்தக் காலத்திலும் ஒரே பக்கம்தான் கடலைப் பார்க்கும். அந்தப் பக்கம் அரித்திருக்கும், இந்தப் பக்கம் கரி மட்டும் படிந்திருக்கும். நான் அப்படியே வைத்தேன். முடித்த அன்று அண்ணாச்சி வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, ஏலே, இதைப் பார்த்தா தும்மல் வருதுலே என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

இப்போது சங்கதிக்கு வாரேன். எக்சிபிஷனுக்குக் கொண்டுபோக உன் சிநேகிதி ஐஸ்வர்யா சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து வாரா. அவளுக்கு மட்டும் போட்டோ அனுப்பி நடந்ததைச் சொன்னேன். முதலில் ஐயோ அங்கிள் என்றாள், போட்டோவைப் பார்த்ததும், அங்கிள் இது பரிசு வாங்கும், பானு பேரிலேயே போகட்டும், யாருக்குத் தெரியப் போகுது என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆபீஸில் ஷெர்லியிடம் அந்த எக்சிபிஷன் போட்டியின் விதி காகிதத்தை வாசிக்கச் சொன்னேன். மாடல் முழுவதும் பெயர் கொடுத்தவரின் கைவேலையாக இருக்க வேண்டும் என்று மூன்றாவது வரியில் இருக்காம். யாருக்குத் தெரியப் போகுது என்று ஐஸ்வர்யா கேட்டாளே, தெரியாதவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தேன். டீக்கடை, உப்பளம், ஆபீஸ், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வரை என் வாயாலேயே சொல்லியாச்சு. அது போகட்டும். யாருக்குமே தெரியாவிட்டாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை பானு. நான் வாயைத் திறந்தால் இரண்டு சேர்த்துச் சொல்லுகிறவன்தான், ஊருக்கே தெரியும், ஆனால் உன் பேருக்குக் கீழே என் அழுக்கை வைத்துப் பரிசு வாங்கினால், முழுசா நானே செய்தது என்று நீ சொன்ன அந்தப் பேச்சையும் நான்தான் கழுவினவன் ஆவேன். அதனால் உன் பேர் மட்டும் போட்டு அனுப்பச் சொல்லாதே, அதை மட்டும் நான் செய்ய மாட்டேன்.

மிச்சம் இரண்டு வழி. போட்டியில் சேராமல் பார்வைக்கு மட்டும் வைக்கிற மேசை ஒன்று உண்டாம், பரிசு கிடையாது, இரண்டு பெயர் போடலாம், வண்டி பானுப்ரியா, அழுக்கு சங்கரபாண்டியன் என்று. உள்ளதைச் சொன்னால் எனக்கு அதில் ஆசை இருக்கு, அச்சில் என் பேர் கல்யாணப் பத்திரிகையைத் தவிர எங்கும் வந்ததில்லை. வேண்டாம், இது என் சாமான், என் கையாலேயே முடிக்கணும் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம். நானும் மேல் பூச்சு அடிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன், அடித்தால் பிறகு போகாது. நீ சொன்னால் வெள்ளிக்கிழமையே நானே கழுவி, உன் பழைய பிரவுன் கலரை மட்டும் மெல்லிசாக அடித்து, துணியில் சுற்றி வைத்துவிடுகிறேன், நீ லீவில் வந்து முதல் படியிலிருந்து வை. கடல் பக்கம் எது என்று மட்டும் அடியில் பென்சிலால் ஒரு குறி போட்டுத் தரலாமா, வேண்டாமென்றால் அதுவும் போடவில்லை. சித்தப்பா வருத்தப்படுவார் என்று யோசித்துப் பதில் எழுதாதே.

சித்தி உனக்குச் சுக்கும் கருப்பட்டியும் பொட்டலம் கட்டியிருக்கிறாள், அடுத்த வாரம் பார்சலில் வரும், மழைக்குச் சைக்கிளில் வேகமாகப் போகாதே, தலைக்கு எண்ணெய் வை. நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருந்து, கை வைத்ததெல்லாம் துலங்கி, எங்கள் கண்முன்னால் நிறைந்து வாழ வேண்டும் என்று நானும் சித்தியும் கும்பிட்டுக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வர வேண்டும், மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன்னை வளர்த்த சித்தப்பா,
த. சங்கரபாண்டியன்.

பி.கு. வாளியும் பிரஷும் மாடியில் எடுத்து வைத்தாச்சு. வாளியில் தண்ணீர் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.