தானம் குடுத்த குக்கர்

என்ரை செல்லத் தங்கச்சி வசந்திக்கு,

கரம்பொன் ஊர் முழுக்க உன்ரை செத்தவீட்டுக்கு வந்து, "விதி" எண்டு சொல்லிச் சோறு திண்டிட்டுப் போச்சுதடி. விதியாம்! ரவுண் கடையில வாங்கின புதுக் குக்கர், ஆவி போற வால்வு வேலை செய்யாமல், மூடி பறந்து முகத்தில அடிச்சால் அது விதியோ? ஆஸ்பத்திரியிலயும் சவப்பெட்டியிலயும் உன்ரை முகத்தை எனக்கு ஒருத்தரும் காட்டேல்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில முகத்துக் கட்டுக்குள்ளாலை நீ சொன்னது எனக்குக் கேட்டது. "அக்கா, கடைக்காரனைச் சும்மா விட்டிடாதை." விடேல்லை. ஊர்காவற்றுறையில காசு வாங்காமல் வழக்குப் பேசுற ஒரு சட்டத்தரணிப் பிள்ளையிட்டைப் போனனான். எல்லாத்தையும் கேட்டிட்டு, "வெடிச்ச குக்கர் எங்கையம்மா?" எண்டா.

எங்கை? கடலுக்கை. "உயிர் குடிச்ச சாமான் வளவுக்கை இருக்கப்படாது" எண்டு செத்தவீட்டண்டே பெரியப்பா கொண்டுபோய் எறிஞ்சிட்டார். சனமெல்லாம் ஓம் ஓம் எண்டது.

"அப்ப அது தன்ரை சாமானே இல்லையெண்டு கடைக்காரன் சொல்லுவான்" எண்டா பிள்ளை. அவ அனுப்பின கடிதம் கண்ட உடனை அவன் அந்தச் சாதிக் குக்கர் எல்லாத்தையும் ஒளிச்சும் போட்டான். "அதே கடையில வாங்கின இன்னொண்டு ஆரிட்டையாவது இருக்குமோ?"

இருந்தது. கூத்தைக் கேளன். உன்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில, மேலை உனக்குப் போய்ச் சேருமெண்டு குருக்களுக்குக் குடுக்கிற தானத்துக்கு உன்ரை மனுசன் பாய், குடை, செருப்போடை ஒரு குக்கரும் வாங்கினவர். அதே கடை, அதே சாதி. "அவளுக்குப் பழகினது" எண்டு அழுதழுது வாங்கினாராம். உன்னைக் கொண்டதையே உனக்கு மேலை அனுப்பி வைச்ச மனுசனை நான் என்ன செய்யிறது?

சுருவில் ஊருக்கு, அந்தக் குருக்கள் வீட்டை ஓடினன். அவரின்ரை மருமகள் அதிலைதான் பருப்பு அவிய விட்டிருந்தா. விசில் வரேல்லை. கேக்காமல் கொள்ளாமல் குசினிக்குள்ளை போய் அடுப்பை அணைச்சனான். நடந்ததைச் சொல்லிக் குக்கரைக் கேட்டனான்.

"குடுத்த தானத்தைத் திருப்பி எடுத்தால் போனவவுக்குப் போய்ச் சேராதம்மா" எண்டார் குருக்கள்.

"அது சேராட்டில் பரவாயில்லை ஐயா. இதிலை சமைச்சால் உங்கடை மருமகள் அவளிட்டைப் போய்ச் சேர்ந்திடுவா."

மனுசன் குக்கரைக் கடைப்பேர் ஒட்டின பெட்டியோடையே தூக்கித் தந்திட்டார்.

இப்ப பிள்ளையின்ரை ஏற்பாட்டிலை அதைச் சோதிக்கப் போகினம். வால்வு பிழையெண்டால் வழக்கு நிக்கும். ஒழுங்கா வேலை செய்தால் கடைக்காரன் சிரிச்சுக்கொண்டு போவான். உன்னை அவிச்ச சாமான்ரை கூடப்பிறந்தது வெடிக்க வேணுமெண்டு அம்மாளாச்சிக்கு நேத்திக்கடன் வைச்சிருக்கிறன். இப்பிடியும் ஒரு நேத்தி உலகத்தில ஆரும் வைச்சிருப்பினமோ?

உன்ரை மனுசன் என்னோடை கதைக்கிறேல்லை. "அங்கை அவளுக்குச் சமைக்க ஒண்டும் இல்லாமல் பண்ணிப்போட்டியள்" எண்டு குசினி வாசலில இருந்து அழுகிறார். நீ அங்கை பட்டினியோடி?

கொஞ்சம் பொறு, என்ரை குஞ்சு. அந்தக் கடைக்காரனைக் கூண்டில ஏத்திப்போட்டு உனக்கு நானே தானம் குடுப்பன், ஒரு மண்சட்டி. அது உடைஞ்சாலும் ஒருத்தரின்ரை முகத்தையும் கொண்டு போகாது.

உனக்கு முன்னம் பிறந்தும், உனக்குப் பிறகு கிடந்து உத்தரிக்கிற
உன்ரை அக்கா பவளம்