வெயில் மேல் போட்ட இரண்டு ரன்

அண்ணை,

இன்று காலை குளிர்க்கோட்டை அலமாரிக்குள் திணிக்கப் போனேன். மூலையில் கிடந்த பேஸ்போல் கையுறையின் தோல் மணம் குப்பென்று வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் கண்மூடி இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. இந்த விளையாட்டைத் தமிழில் கதைக்க எனக்கு இனி ஒருவரும் இல்லை.

நாம் வேலை செய்த புவாண்ட்-கிளேர் களஞ்சியத்து பேஸ்போல் அணியில் நாம் இருவர்தான் தமிழர். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடிய தெம்பில் சேர்ந்துவிட்டு, பந்தெறிபவரின் சராசரி விளங்காமல் சாப்பாட்டு நேரமெல்லாம் மண்டையை உடைத்தோம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அதனால் அவர் கொடுத்த ரன்களை ஒன்பதால் பெருக்கி, எறிந்த இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். எண் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரர். ஆனால் களத்தில் நிற்பவன் விட்ட பிழையால் வந்த ரன்களைச் சேர்க்கக் கூடாது. அது விளங்கியதும் நீங்கள் சிரித்தீர்கள். "எங்கட கிரிக்கெட்டில கேட்ச் விட்டாலும் பழி பவுலருக்குத்தான். இவங்கள் நியாயமான ஆக்களடா."

அந்த நியாயத்தைக் கெடுத்தவன் நான். லாசால் பூங்காவில் உங்களுக்கு முதன்முதலாகப் பந்தெறியக் கிடைத்த நாள். இருவர் ஆட்டமிழந்திருந்தார்கள், ஓடி ரன் எடுக்க எதிரணியினர் இருவர் தளங்களில் நின்றார்கள். உயர்ந்து வந்த பந்து என் கையுறைக்குள் விழுந்து, வழுக்கி, நிலத்துக்குப் போனது. இரண்டு ரன். குறிப்புப் புத்தகம் எழுதிய பெண் என் பேரில் பிழை போட வந்தபோது, கண்ணில் வெயில் அடித்துவிட்டது, பந்தைத் தொடவேயில்லை என்றேன். ஊரில் கேட்ச் விட்டவன் எல்லோரும் சொல்லும் சாட்டுத்தான். அங்கே அதை யாரும் எழுதி வைப்பதில்லை. இங்கே வெயில் மறைத்துத் தொடாமல் போன பந்து பிழையாகாது. அந்த ரன்கள் பந்தெறிந்தவர் தலையில் ஏறும்.

அவள் உங்களைப் பார்த்தாள். வானம் முழுக்க முகில். வெயில்தான் என்று நீங்கள் தலையாட்டினீர்கள். பிறகு என்னிடம், "விடடா, ரெண்டு ரன்தானே" என்றீர்கள்.

ஆறு இன்னிங்ஸில் நான்கு ரன், சராசரி ஆறு. அணித்தலைவர் அந்த ஆறைப் பார்த்துவிட்டுப் பந்தை வேறொருவரிடம் கொடுத்தார். உங்களுக்கு அது திரும்பக் கிடைக்கவேயில்லை. மைதானத்துக்கும் வராமல் விட்டீர்கள். கேட்டால், "தோள் நோகுது." அது தோள் அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

போன கிழமை அக்காவிடமாவது சொல்லிவிடலாம் என்று உங்கள் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீர் தந்துவிட்டு அவராகவே தொடங்கினார். "அவருக்குத் தோள் என்ன நோ நொந்தது தெரியுமே, தம்பி? அந்த வருசம் முழுக்க நான்தான் தைலம் தேய்ச்சு விட்டனான்."

அது தோள் நோவே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? "ஓம் அக்கா, பாவம்" என்றுவிட்டு எழுந்து வந்தேன்.

இனி உங்களிடம் சொன்னால்தான் உண்டு. நான்கில் என்னுடைய இரண்டைக் கழித்தேன். மிச்சத்தை ஒன்பதால் பெருக்கி ஆறால் வகுத்தேன். உங்கள் சராசரி மூன்று, அண்ணை. அந்தப் பந்து என் கையில் பட்டது.