ஒரு பிரசவம் குறைவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மிச்சம் இருக்கிறவர்கள் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். போனில் பேசினால் நீ அழுவாய், உன் அழுகையைக் கேட்க இப்போது எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணிக்குக் குழந்தை தங்கவில்லை என்று அண்ணன் சொல்லியிருப்பான். எப்படி என்று சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு உன்மேல் பாசம். நான் சொல்கிறேன். எங்கள் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள் என்று போன வருஷமே உனக்கு எழுதினேன். ஆள் கிடைக்கவில்லை என்று நூற்பாலையை மூடினார்கள், ஆலை இல்லை என்று இருந்த ஆட்களும் கிளம்பினார்கள், வாங்க ஆள் இல்லாமல் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது, கடைசியில் பிள்ளை பெறவும் ஆள் இல்லை என்று எங்கள் வார்டுக்கு வந்து நின்றார்கள். வருஷத்துக்கு நூறு பிரசவமாவது நடந்தால்தான் ஆபரேஷன் அறையும் டாக்டரும் என்று மேலிடத்தில் ஒரு கணக்கு. வயிற்றைத் தள்ளிக்கொண்டு யார் தெருவில் போனாலும் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன், இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் என்ற வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. பெற்ற மகளிடமும் கெஞ்சினேன். “ஒரு கணக்குக்காக நான் அங்க வந்து பெத்துக்கணுமாம்மா? இங்க எல்லா வசதியும் இருக்கே” என்றாய். மாப்பிள்ளை ஒரு படி மேலே போய், ஜனம் எங்கே கூடுகிறதோ அங்கேதான் முன்னேற்றம் வரும், காலியாகிற ஊருக்குச் செலவழிப்பது வீண் என்று எனக்குப் பாடம் எடுத்தார். திட்ட அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவர், சரியாகத்தான் இருக்கும். வருஷம் முடிந்ததும் எண்ணிப் பார்த்தார்கள், தொண்ணூற்றொன்பது.

ஆபரேஷன் மேஜையையும் விளக்கையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போன மூன்றாம் வாரம் அண்ணிக்கு வலி கண்டது. இன்னும் நாள் இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிட்டோம். அண்ணன் அவனுடைய ஒர்க்ஷாப் வேனை எடுத்து வந்தான். வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில், குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிட்டது. வார்டில் என்றால் உடனே ஆபரேஷன் செய்து எடுத்திருப்பார்கள். வேனில் என்ன செய்ய, கொடி நசுங்காமல் இருக்க நான் கையை உள்ளே வைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டே வந்தேன். கொடியில் துடிப்பு நின்றது என் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. அண்ணியிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பையன்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று அண்ணி சொல்கிறாள். தங்கமான பெண். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. நீ வந்திருந்தால் நூறு.

இன்னொரு சேதி. உங்கள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் தாங்கவில்லையாம், என்னை அங்கே மாற்றிவிட்டார்கள். நீ பெற்றெடுத்த அதே வார்டு. அண்ணனுக்கும் அங்கேயே வேலை அமைந்துவிட்டது, அண்ணியோடு மூன்று பேரும் மாதம் பிறந்ததும் வருகிறோம். மாப்பிள்ளையிடம் சொல், அவருடைய நகரம் இன்னும் மூன்று ஆள் அளவுக்கு முன்னேறட்டும். உன் தெருவுக்குப் பின்தெருவில்தான் வீடு கிடைத்திருக்கிறது. வந்து பார்க்க வேண்டாம்.

குழந்தை நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்கட்டும், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அடுத்த மாதம் அவனுக்குத் தடுப்பூசி, தள்ளிப்போடாதே. அதற்கு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் நீ வந்தாக வேண்டும். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்கு வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா