இரண்டு நொடி ஓடும் எஞ்சின்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலிதான். டீச்சர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றேன், வலி பெறவில்லை.

அத்தானின் கண்ணைப் பற்றிப் போனில் சொல்ல முடியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஓரப் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம். அடுத்த தடவை லைசென்ஸைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அதிக மாதங்கள் இல்லை. இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, வீடு வந்ததும் நேரே ஷெட்டுக்குள் போய்விட்டார்.

நீங்கள் இருவரும் கூட்டாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் வேலை முடிந்துவிட்டது. புது எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, பானெட் மூடுகிறது. ஆனால் ஓடவில்லை. தினமும் காலையில் இரண்டு நொடி உறுமிவிட்டு அடங்குகிறது. நான் அடுப்படியில் நின்று கேட்கிறேன். பிறகு அவர் கிரீஸ் கையோடு வந்து காபி கேட்பார். அந்தக் கிரீஸ் சட்டைகளைத் துவைத்தே கை ஓய்ந்துவிட்டது.

ஒரு கார் எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இந்த எஞ்சின் முன்னாடி இருந்த வண்டியோட சாவியைத் தேடுது. அந்தச் சாவி பக்கத்துல இல்லேன்னா நின்னுடும்" என்றார். வேறு பள்ளியிலிருந்து வந்து சேரும் பிள்ளை இப்படித்தான். பெஞ்சில் உட்காரும், பழைய டீச்சர் கூப்பிட்டால்தான் வாய் திறக்கும்.

அந்தச் சாவி உன்னிடம் இருக்கிறது. இந்த எஞ்சினைக் கழற்றி எடுத்த அந்த அடிபட்ட வண்டியை, பழைய வண்டி உடைக்கும் கடையில் நீதானே ஸ்டார்ட் செய்து எஞ்சின் சத்தம் கேட்டாய்? வண்டியே போய்விட்டது, சாவி எதற்கு என்று இருவரும் சிரித்தீர்களாம். அது உன் பாக்கெட்டிலேயே இருந்துவிட்டது. மறுநாள் புது எஞ்சின் உட்கார இடம் போதவில்லை என்று இவர் நம் காரின் அடிச்சட்டத்து இரும்பை வெட்டினார். "வெட்டினதை ஒட்ட முடியாது அத்தான், இனி இது வெறும் தகரம்" என்று சொல்லிவிட்டு, பரிமாறிய தட்டை அப்படியே வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாய்.

கம்ப்யூட்டரை மாட்டி சாவி தேடும் அந்தப் பூட்டையே அழித்துவிடலாம், அரை மணி நேர வேலை என்றார் எலக்ட்ரீஷியன். அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். "சாவி மச்சான்கிட்ட இருக்கு. இருக்கட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், அப்படியானால் போன் பண்ணிக் கேளுங்களேன் என்றேன். துணியை எடுத்துக் கார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நீ தூக்கி எறிந்திருப்பார் என்று நினைக்கும் பழைய எஞ்சின் மூலையில் மரக்கட்டை மேல் இருக்கிறது. இறுகிவிடக் கூடாது என்று அவ்வப்போது எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வைக்கிறார். வெட்டிய இரும்புத் துண்டும் ஆணியில் தொங்குகிறது. யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. இரண்டு முரட்டுப் பையன்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்த பாவம்.

வீட்டில் தேடிப் பார். சாவி கிடைத்தால் தபாலில் மட்டும் அனுப்பாதே. தபாலில் சின்னப் பொருள்கள் தொலைந்துபோகின்றன. பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும், அத்தானும் இன்னும் வண்டி ஓட்டக்கூடிய மாதங்கள் இவை.

எல்லோரும் நோய் நொடியின்றி இருங்கள்.

உன் அக்கா